பேலன்ஸ் குமிழ் இல்லாத பெட்டி

நவம்பர் 2, ஞாயிறு

ஆம்ப்ளிஃபயர் திரும்பி வந்துவிட்டது. ஆராதனை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள், அதை மடியில் வைத்தபடி ஆசீர் ஆட்டோவில் வந்து இறங்கினான். பதினெட்டுக் கிலோ இரும்பும் கண்ணாடியும். அறுபத்தெட்டு வயதுக்காரன் மடியில் வைக்கிற பொருளா இது என்று கேட்டேன்.

"எழுபத்திநாலு வயசுக்காரங்க தூக்க வராம இருந்தா போதும், மதினி. தள்ளுங்க."

ஆசீர் என் கணவரின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். வானொலி நிலையத்தில் பொறியாளராயிருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை, பூனாவில் ஒரு மகள். பழைய ரேடியோக்களில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள் எரிகிற இந்த ஆம்ப்ளிஃபயரை இருபது ஆண்டுகளுக்கு முன் தன் அண்ணனுக்காக அவனே கட்டினான். ஞானராஜ் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியும் தம்பியும்தான் எனக்கு மிச்சம்.

கட்டும்போது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன்: பேலன்ஸ் குமிழ் கூடாது. இடப்பக்கத்தைக் கூட்டி வலப்பக்கத்தைக் குறைக்கிற குமிழ் எதற்கு? இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கட்டப்பட்டிருந்தால் அதற்கு வேலை இல்லை. ஒன்றுபோல் கட்டப்படாவிட்டால் அது தவறை மூடுகிற துணி. பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள் வீட்டில் அப்படியொரு துணி தொங்கக்கூடாது என்றேன். ஞானராஜ் சிரித்தார். ஆசீர் குமிழ் வைக்கவில்லை.

செப்டம்பரில் இடப்பக்கம் ஓய்ந்தது. எங்கள் நாதஸ்வர இசைத்தட்டில் நாதஸ்வரம் நடுவிலும் தவில் இடப்பக்கமும் ஒலிக்க வேண்டும். பதிவு செய்தவர்கள் வைத்த இடம் அது. ஆனால் தவில்காரர் இடப்பக்க ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார்; நாதஸ்வரக்காரர் வலப்பக்கம் நகர்ந்து புத்தக அலமாரிக்குள் நின்று வாசித்தார். பெரிய வால்வுகள் ஓய்ந்திருக்கும் என்றேன். ஆசீர் மோடாவில் உட்கார்ந்து கேட்டான். என் நாற்காலியிலும் உட்கார்ந்து கேட்டான். என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இன்று மாலை எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

"நடுவுல நிக்காரா, மதினி?"

"கடிகாரத்துக்கு நேர் கீழே நிற்கிறார்."

"அப்ப சரி."

அவன் வழக்கமாக என் இடப்பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் உட்காருவான். இன்று மோடாவை இழுத்து வலப்பக்கம் போட்டுக்கொண்டான். மின்விசிறிக் காற்று கழுத்தில் படுகிறதாம். அவனுக்கும் வயதாகிறது.

(இந்தக் குறிப்புகளில் என் பேச்சை நான் திருத்தி எழுதிக்கொள்கிறேன். பிறர் பேச்சை அவர்கள் பேசியபடியே விட்டுவிடுகிறேன். அவர்களைத் திருத்த எனக்கு இப்போது சம்பளம் கிடையாது.)

நவம்பர் 5, புதன்

தொலைபேசி பழுது. எதிர்முனையில் பேசுகிறவர்கள் தலையணைக்கு அடியிலிருந்து பேசுகிறார்கள். வலப்பக்கம் மாற்றிப் பிடித்தால் தெளிகிறது. உள்ளே ஏதோ கம்பி தளர்ந்திருக்க வேண்டும்; அசைத்தால் சேர்கிறது.

வேலைக்கு வரும் பாக்கியம் அடுக்களை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எத்தன தரம்மா கூப்பிடுதது? குக்கரு கத்திக் கத்தி ஓஞ்சே போச்சு." அவள் வாயை மூடிக்கொண்டே பேசுகிறாள். பல் கட்டியதிலிருந்து இப்படித்தான்.

கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. ஆலயத்தில் எனக்கு இடப்பக்கம் நிற்கிற பெண்களில் ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. குருவானவரிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆசீர் நான்கு மணிக்கு வந்தான். மறுபடியும் வலப்பக்க மோடா. முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தான், கடையில் வாங்கியது, பாகு முற்றிவிட்டது. இருவருமாக மூன்று தின்றோம்.

தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் சொன்னான்: "பிரிசி நேத்தும் போன் பண்ணுனா. கீழ் வீட்ட எனக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்காளாம். ஒரேயடியா வந்திருங்கப்பாங்கா."

"நல்ல பெண்."

"பூனாவுல குளிருதான்."

"கம்பளிச் சட்டை வாங்கிக்கொள்."

"போகவா, மதினி?"

"என்னிடம் எதற்குக் கேட்கிறாய்? உன் மகள், உன் கால்."

"கேட்டேன். அவ்வளவுதான்."

"கிறிஸ்மஸை ஒட்டி ரயிலில் இடம் கிடைக்காது. போவதென்றால் முன்கூட்டியே போட்டுவிடு."

அவன் தட்டை எடுத்து ஓரத்தைத் துடைத்தான். "அடுத்த பக்கம் போடவா?"

"போடு."

சரியான பதிலைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் இரண்டு கோப்பைத் தேநீர் போடப்படுகிறது என்பதற்காக ஒருவன் தன் மகளைப் பிரிந்திருக்க முடியாது. கோப்பையைக் குறைத்துக்கொள்வது சுலபம்.

நவம்பர் 12, புதன்

புதிய வால்வுகள் சில நாள் ஓடியபின் நிலைப்பட்டுவிடும். அப்போது பயாஸை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். ஞாயிறு வரை காத்திருக்காமல் நானே செய்தேன். சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்துப் பெட்டியை ஏற்றினோம். பாக்கியம் ஒரு முனையைப் பிடித்தாள். பிடித்தபடியே ஜெபம் செய்தாள்.

பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதும் வால்வுக்குள் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதிகமானால் உள்தகடு சிவந்து வால்வு செத்துப்போகும். குறைந்தால் மெல்லிய ஓசைகள் சொரசொரக்கும். அந்த ஓட்டத்தை அளவாக நிறுத்துவதுதான் பயாஸ். ஜோடி சேர்ப்பது வேறு விஷயம். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு வால்வுகள்கூட ஒன்றுபோல் இழுப்பதில்லை. பலவற்றை அளந்து, ஒத்துப்போகிற இரண்டை ஒரு பக்கத்துக்கு வைக்க வேண்டும். நம் வீடுகளில் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

உள்ளே நானூறு வோல்ட். எனவே ஒரு கை முதுகுக்குப் பின்னால், மின்சாரம் நெஞ்சு வழியே பாயாதபடி. மற்றொரு கையில் மீட்டர் முனை. நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்து அளந்தேன். நான்கு பெரிய வால்வுகளும் முப்பத்தைந்து மில்லிஆம்பியரை ஒட்டியே நின்றன. ஒன்று மட்டும் சற்றுக் கூட. சிறிய திருகை மயிரளவு திருப்பினேன், இறங்கியது. சுத்தமான வேலை. ஆசீரைப் பாராட்டலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அதோடு மூடியிருக்கலாம். மீட்டர் கையில் இருந்ததால், ஒரே ஓசையை இரண்டு பக்கமும் செலுத்தி வெளியே வருவதையும் அளந்தேன். வலப்பக்கம் இரண்டு வோல்ட். இடப்பக்கம் மூன்றுக்கு மேல்.

மீட்டர் முனைகளை மாற்றி அளந்தேன். அதே விடை.

பெரிய வால்வுகளுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய வால்வுகள் உண்டு. ஓசையை முதலில் பெருக்கிக் கொடுப்பவை அவைதாம். இரண்டையும் ஆறவிட்டு உருவினேன். கண்ணாடியில் எழுத்தே இல்லை. பழைய வால்வுகளின் மேலுள்ள அச்சு விரலால் தேய்த்தாலே போய்விடும். அச்சுப் போய்விட்டால் அது என்ன வால்வு என்று தெரியாது. அதனால்தான் ஒரு தடவை பாக்கியம் துணி போட்டுத் துடைத்தபோது ஆசீர் இந்த வீட்டில் முதல் முறையாகக் குரல் உயர்த்தினான். இப்போது அவன் போட்டுத் தந்த இரண்டும் குழந்தையின் நெற்றிபோல் வெறுமையாக இருக்கின்றன.

உருப்பெருக்கியில் பார்த்தேன். உள்ளிருக்கும் தகடுகள் வெவ்வேறு நீளம். இரண்டும் ஒரே இனமே அல்ல. காலூன்றும் குழி ஒன்றாயிருப்பதால் எதை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். இடப்பக்கத்தில் வலியது; வலப்பக்கத்தில் மெலியது.

கையிருப்பில் ஜோடி இல்லை. கிடைத்ததைச் செருகி, எழுத்தைத் துடைத்து, என் தலையில் கட்டிவிட்டான். எனக்கு. அளக்கத் தெரிந்தவளுக்கு.

நவம்பர் 13, வியாழன்

வரச் சொன்னேன். வந்தான். தேநீரை முதலில் கொடுத்தேன். எனக்கும் முறை தெரியும். பிறகு இரண்டு வால்வுகளையும் ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினேன்.

"இது என்ன?"

பார்த்தான். "கழத்திப் பாத்துட்டியளா?"

"அளந்தும் பார்த்தேன். இரண்டும் ஒரே வால்வு இல்லை."

"இல்ல."

"எழுத்தைத் துடைத்தது யார்?"

"நாந்தான்."

"எதற்கு?"

"நீங்க வாசிச்சிரக் கூடாதுன்னு."

இவ்வளவு நேர்மையான திருடனை நான் பார்த்ததில்லை. அப்படியே சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

"மதினி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கேக்கதுக்கு நல்லா இருந்துச்சா, இல்லியா?"

"அது கேள்வியே இல்லை."

"அது ஒண்ணுதான் கேள்வி."

"இடப்பக்கம் ஒன்றரை மடங்கு கூட. இதை என் மாணவி செய்திருந்தால் ஆய்வக ஏட்டை முகத்தில் எறிந்திருப்பேன்."

"எறிவிய. தெரியும்." தேநீரை ஒரு வாய் குடித்தான். "அளக்கும்போது எங்க இருந்திய?"

"மேசையில்."

"கேக்கும்போது?"

"என் நாற்காலியில். இதென்ன குறுக்கு விசாரணை?"

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். ஞானராஜும் இப்படித்தான் செய்வார். அந்தக் குடும்பத்தில் ஆண்கள் வாக்கியத்தை முடிப்பதில்லை.

"பூனாவில் உன் வேலையை அளந்து பார்க்க ஆள் இருக்காது. அங்கே போய்ச் செய்," என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தான். பாதிகூடக் குடித்திருக்கவில்லை. "சரி மதினி. டிக்கெட்டு போட்டுருதேன்."

வாசல் வரை போய்த் திரும்பி வந்து, துடைத்த வால்வுகள் இரண்டையும் தட்டிலிருந்து எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தான். "தூரப் போட்டிராதிய," என்றான். போனான்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. ஆசீர் வரவில்லை. மழைதான்.

நவம்பர் 19, புதன்

ஞானராஜின் பிஸ்கட் டின்னில் சிறிய வால்வுகள் ஒரு டஜன் இருந்தன. அச்சு அழியாதவை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து, இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்துப்போகிற இரண்டைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். வலப்பக்கமும் இடப்பக்கமும் இப்போது மீட்டரில் ஒரே எண். இருபது ஆண்டுகளில் இந்தப் பெட்டி இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

தட்டைப் போட்டேன். நாதஸ்வரக்காரர் புத்தக அலமாரிக்குள் நின்றார். தவில் தெருவில்.

பெரிய வால்வுகளை இடம் மாற்றினேன். அலமாரிக்குள்தான் நின்றார். ஸ்பீக்கர்களை மாற்றினேன், பாக்கியம் மறுபடியும் ஜெபித்தாள். அலமாரிக்குள்தான். கம்பிகளை மாற்றினேன். தட்டு சுழலும் கருவியிலிருந்து வரும் இணைப்பைத் தலைகீழாக மாற்றினேன். தவில் வலப்பக்கம் வந்தது, உரக்கக் கேட்டது. அப்போதும் இடப்பக்கம்தான் மெலிவு. திரும்பப் பழையபடி வைத்தேன்.

எந்த உறுப்பை மாற்றினாலும் பிழை நகரவில்லை என்றால், பிழை நாம் மாற்றாத உறுப்பில் இருக்கிறது. முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லித்தருகிற பாடம். மாற்றாதது இந்த அறை ஒன்றுதான். இடப்பக்க ஜன்னலில் தொங்குவது கனத்த திரை. ஓசையை அது குடித்துவிடுகிறது. திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

திரை இல்லை. நாதஸ்வரக்காரர் அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் என் கூடத்தை முழுமையாகப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். ஆசீர் வரவில்லை.

நவம்பர் 26, புதன்

கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிப்பு. சுடலைமுத்துவும் இன்னொருவரும் காலையிலேயே வந்து சாமான்களையெல்லாம் கூடத்தின் நடுவில் குவித்துவிட்டார்கள். பெட்டியைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன், தொட்டிருக்கிறார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போனதும், கம்பி ஏதும் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போர்வையை விலக்கித் தட்டைப் போட்டேன். என் நாற்காலியை ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்திருந்தார்கள். வேறு இருக்கை இல்லை. அப்படியே உட்கார்ந்தேன்.

தவில்காரர் தெருவிலிருந்து திரும்பி வந்திருந்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கணீரென்று வாசித்தார். நாதஸ்வரக்காரர் அலமாரியை விட்டு இறங்கி ஜன்னல் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் யாரும் கை வைக்கவில்லை. திரும்பியிருந்தது நான் ஒருத்திதான்.

எழுந்து நாற்காலியை நேரே போட்டு உட்கார்ந்தேன். அவர் அலமாரிக்குப் போனார். திருப்பிப் போட்டேன். ஜன்னலுக்கு வந்தார். இன்னொரு முறை.

பாக்கியம் வெளியிலிருந்து வந்து நின்றாள். "என்னம்மா தேடுதிய?"

"ஊசி."

"நாற்காலிக்கு அடியிலயா?"

"ஆமாம்."

அவள் குனிந்து உண்மையாகவே தேடத் தொடங்கினாள். கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டாள்.

ஜன்னல் திரையை மறுபடியும் மாட்டிவிடலாம்.

நவம்பர் 28, வெள்ளி

காது மருத்துவர் இளம்பெண். என்னைப் பார்த்ததும் கூரை அதிரக் கத்தினார்: "வாங்க பாட்டி! பேரு?"

"எமிலி ஞானராஜ். நான் யாருக்கும் பாட்டி இல்லை. ஒரு காது நன்றாகக் கேட்கிறது, அதையும் கெடுத்துவிடாதீர்கள்."

அதன்பின் நாங்கள் நன்றாகப் பழகினோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஓசை கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு வரைபடத்தைக் காட்டினார். வலக்காதின் கோடு என் வயதுக்கு மரியாதையாக நடக்கிறது. இடக்காதின் கோடு பாதி வழியில் மாடிப்படியிலிருந்து விழுந்திருக்கிறது.

"நரம்புத் தேய்மானம், மேடம். போனது திரும்பாது. மெஷின் வெச்சா உதவும்."

"எவ்வளவு நாளாக?"

"ஒரு வருஷமாவது இருக்கும். மெதுவா போறதால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. கூட இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். இடது பக்கம் இருந்து பேசினா பதில் வராதில்ல? யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லவில்லை," என்றேன்.

பொய் இல்லை. அவன் சொல்லவில்லை. நாற்காலியை மாற்றிக்கொண்டான்.

நவம்பர் 29, சனி

தொலைபேசியில் கோளாறு இல்லை. பாக்கியத்தின் பற்களிலும் இல்லை. குருவானவரிடம் பாடகர் குழுவைப் பற்றி இன்னும் சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று.

கைக்குட்டையைப் பிரித்து அவனுடைய வால்வுகளைத் திரும்பப் போட்டேன். தட்டைப் போட்டேன். நாதஸ்வரக்காரர் கடிகாரத்துக்குக் கீழே வந்து நின்றார்.

என் அளவையில் பிழை இல்லை: இடப்பக்கம் ஒன்றரை மடங்கு. அது அவன் கையில் கிடைத்ததைச் செருகியதால் வந்த ஒன்றரை மடங்கு அல்ல. எனக்குக் கேட்கும்படி, எனக்குத் தெரியாதபடி அவன் அளந்து வைத்தது. பேலன்ஸ் குமிழைப் பற்றி நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருவதை நினைத்துப் பார்த்தால், அவனுக்கு வேறு வழியும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சுவரில் படம் அரை விரல் சாய்ந்திருந்தால் எழுந்து நேராக்காமல் உட்கார முடியாதவன் ஆசீர். அவனுக்கு இரண்டு காதும் பழுதில்லை. எனக்கு நடுவில் நின்ற நாதஸ்வரம் அவனுக்கு இடப்பக்கம் சாய்ந்து நின்றிருக்கும். இரண்டு ஞாயிறும் அவன் அந்தக் கோணலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நடுவில் நிற்கிறாரா என்று என்னைக் கேட்டான். வலப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் கோணல் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவாகக் குறையாது.

நவம்பர் 30, ஞாயிறு

நான்கு மணிக்கு அவன் வருவானா என்று பார்த்தேன். பிறகு தூறலில் குடையை எடுத்துக்கொண்டு நானே போனேன். அவன் வீட்டுக்குள் நான் கடைசியாக நுழைந்தது பிரிசியின் கல்யாணத்தன்று.

கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. புதிய கம்பளிச் சட்டை ஒன்று மேலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆசீர் கையில் சாலிடரிங் இரும்போடு எழுந்து நின்றான்.

"மதினியா! நடந்தா வந்திய? இருங்க, அந்தத் துணிய எடுத்திருதேன்."

நாற்காலியைக் காலி செய்து தந்தான். தான் போய் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். மின்விசிறி ஓடவில்லை.

"என்றைக்குப் பயணம்?"

"அஞ்சாந் தேதி. ஜனவரி. கிறிஸ்மஸ் ஆராதனைய இங்க முடிச்சிட்டு."

"ஆம்ப்ளிஃபயரில் ஒரு வேலை இருக்கிறது."

"அளந்து பாத்தாச்சே, மதினி. இன்னும் என்ன?"

"பேலன்ஸ் குமிழ் வேண்டும்."

அவன் இரும்பைத் தாங்கியில் வைத்தான். ரொம்ப கவனமாக வைத்தான். "குமிழு வெக்கிறவன் வேல தெரியாதவன்னு இருவது வருசமா சொன்னது யாரு?"

"நான்தான்."

"அண்ணன் கெஞ்சுனான், ஒரு குமிழு இருந்துட்டுப் போட்டுமேன்னு. அதுக்கும் மாட்டேன்னது?"

"அதுவும் நான்தான். வேலை தெரியாத ஒருத்தி இப்போது கேட்கிறாள் என்று வைத்துக்கொள்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் இடப்பக்கத்தைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். டாக்டரிடம் போனீர்களா என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவனுக்கு அது தெரியும்.

"முன் தகட்டுல ஓட்ட போடணும்," என்றான். "ஒரு தரம் போட்டா மூட முடியாது."

"தெரியும்."

"நல்ல குமிழு மெட்ராஸ்லேந்து வரணும். எடுத்தோம் கவுத்தோம்னு செய்ய முடியாது. வெச்ச பொறவும் ஒரு மாசம் கேட்டுக் கேட்டுத் திருத்தணும். நான் போயிட்டா யாரு திருத்துவா?"

"அதைத்தான் நானும் யோசித்தேன்."

"யோசிச்சு?"

"ஆசீரு, வெச்சிட்டு நீ இங்கன இருந்து பாத்துக்கிடேன்."

அவன் இரும்பின் சுவிட்சை அணைத்தான். எழுந்து போய்க் கம்பளிச் சட்டையை எடுத்து, அகலத்தை முழம் போட்டுப் பார்ப்பவன்போல் விரித்து, மறுபடி மடித்தான். "குடை ஒழுகுது மதினி," என்றான். "வீடு வர நானும் வாரேன்."

என் வலப்பக்கமாகவே நடந்து வந்தான். தெருவில் வண்டிகள் தண்ணீரை வாரியடித்துப் போகிற பக்கம் அது. எனவே நனைந்தது அவன்.

டிசம்பர் 10, புதன்

முன் தகட்டில் துளை போட்டான். நடுக்கோட்டை நான் அளந்து தந்தேன். அவனும் ஒரு தடவை அளந்தான். அரை மில்லிமீட்டர் தகராறு. என் அளவே சரி என்று ஒப்புக்கொண்டான். பாக்கியம் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

துடைத்த வால்வுகளின் இடத்தில் என்னுடைய ஒத்த ஜோடியைப் போட்டோம். பெட்டி இப்போது நேர்மையானது. கோணலைக் குமிழ் பார்த்துக்கொள்ளும்.

டிசம்பர் 16, செவ்வாய்

பயாஸ் சரிபார்த்தோம். அவன் மீட்டரைப் படித்தான், நான் திருகினேன். ஒரு கை முதுகுக்குப் பின்னால் என்று அவன் எனக்கு நினைவூட்டினான். அவன் பிறந்து பள்ளிக்கூடம் போகுமுன்பே எனக்கு மின்சாரம் தெரியும் என்றேன். "மின்சாரத்துக்கு ஒங்களத் தெரியாதுல்லா," என்றான்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்மஸ். ஆராதனையில் வலப்பக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பாடகர் குழு முழுவதும் கேட்கிறது. அந்தப் பெண்கள் நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஒருத்தி மட்டும் சுருதி விலகுகிறாள். குருவானவரிடம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு

நான்கு மணி. தேநீர், கடையில் வாங்காத முந்திரிக்கொத்து. ஐந்தாம் தேதி ஆசீர் பூனா போகிறான். திரும்பி வருவதற்கும் சேர்த்தே சீட்டு போட்டிருக்கிறான். தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, வானிலை அறிவிப்பதுபோல் சொன்னான். பொங்கலுக்கு அடுத்த வாரம் வருகிறானாம். பிரிசி கோபித்துக்கொண்டாளா என்று கேட்டேன். "அவளுக்கு நான் வந்தா போதும். இருந்தாத்தான் சண்டை," என்றான்.

குமிழின் வெள்ளைக் கோடு என் நாற்காலிக்கு ஏற்றபடி இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. நாதஸ்வரக்காரர் கடிகாரத்துக்குக் கீழே. அவன் வலப்பக்க மோடாவில் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் பக்கம் முடிந்ததும், இன்னொரு தேநீர் போடுகிறேன் என்று எழுந்து அடுக்களைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்து அலமாரிக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். தட்டைத் திருப்பிப் போட்டான். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குமிழைப் பிடித்து, வெள்ளைக் கோட்டை நட்ட நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். என் நாற்காலியில் உட்கார்ந்தான். தலை நேராக இருந்தது.

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தேன். வலக்காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு, தட்டின் அந்தப் பக்கம் முழுவதும் முடிகிறவரை நின்றேன். முழங்கால் இதை விரும்பவில்லை. முடிந்ததும் கோப்பைகளைத் தட்டில் தேவைக்கு மேல் மோதவிட்டுக்கொண்டு வந்தேன்.

அவன் மோடாவில் இருந்தான். வெள்ளைக் கோடு பழைய இடத்தில் நின்றது. ஒரு மயிரளவு அதிகமாகவே சாய்ந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை.

"என்ன மதினி, ஒரு டீக்கா இவ்வளவு நேரம்?"

"பால் பொங்க நேரமாகிவிட்டது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்களையில் ஒரு முக்காலி போட்டுவைக்கும்படி பாக்கியத்திடம் சொல்ல வேண்டும்.